சாமி மேடையில் ஒரு கோர்ட் காகிதம்

என் தங்கை புருஷன் சிங்காரத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரே ஒரு அரசாங்க ஃபாரத்தை நிரப்பிப் பாருங்கள். எனக்கு ஏன் ரத்தக்கொதிப்பு வந்தது என்று அதற்கப்புறம் கேட்க மாட்டீர்கள். பிறந்த தேதி என்ன என்றால், "ஐசியில இருக்கிறதா, எங்கம்மா சொன்னதா?" என்பார். அடையாள அட்டையைத்தான் நாங்கள் ஐசி என்போம். கையெழுத்துப் போடுங்கள் என்றால், "இன்னிக்கு அஷ்டமிலா மச்சான்" என்பார். மறுநாள் போனால் லோரிக்கு அடியில் படுத்துக் கிடப்பார்; அவருடைய இரண்டு காலோடுதான் பேசிவிட்டு வர வேண்டும்.

நான் குகனேஸ்வரன். கம்போங் ராஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. மலாயில் ஒரு கடிதம் எழுத வேண்டுமா, பிறப்புப் பத்திரத்தில் ஒரு திருத்தமா, ரிங்லெட்டிலிருந்து கோலா தெர்லா வரைக்கும் நம் ஜனங்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். என் மேசைக்கு வந்த காகிதம் மறுநாளைக்குத் தங்கியதில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்கிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

சிங்காரம் என்னைவிட மூன்று வயது மூத்தவர். இரண்டு பேரும் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தோம். நான் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கினார், பிறகு கொழுந்து லோரிக்குக் கிளீனர், பிறகு டிரைவர். மேல் மலையில் கிள்ளிய கொழுந்தைத் தொழிற்சாலைக்கு இறக்குவது அவர் வேலை. மழை பெய்தால் மனிதன் நடக்கவே யோசிக்கும் மண் பாதை அது. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் லோரியைப் பள்ளத்தில் விட்டதில்லை. தோட்டத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நாற்காலி இறக்குகிறவர் அவர்தான். மனிதன் தங்கம். காகிதம் என்று ஒன்று குறுக்கே வந்தால்தான் எனக்கும் அவருக்கும் பொருந்தாமல் போகும்.

காகிதத்தின் நான்கு மூலைக்கும் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்து, சாமி மேடையில் ஒரு நாள் இருத்திவிட்டால் அந்த வேலை முடிந்தது என்பது அவர் எண்ணம். லோரி லைசன்ஸுக்குச் சந்தனம். தடுப்பூசி அட்டைக்குச் சந்தனம். மகள் துளசியின் பரீட்சைச் சான்றிதழுக்கு வைத்த குங்குமம் அவள் மதிப்பெண் மேலேயே இறங்கி, அதற்குப் புது நகல் வாங்க நான் மூன்று மாதம் அலைந்தேன். அத்தோடு விட்டாரா? அந்தப் புது நகலுக்கும் வைத்தார்.

இந்தச் சந்தனத்தால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

போன வருஷ ஆரம்பத்தில் தோட்டத்து ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. சிங்காரத்துக்கு அறுபது வயது ஆகிறது, டிசம்பர் முப்பத்தொன்றோடு வேலை முடிகிறது, அன்றைக்கே லயத்து வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும். தோட்டத்து வீடு வேலை இருக்கிறவரைக்கும்தான், எல்லோருக்கும் தெரிந்த சட்டம். துளசி ஜொகூரில் வாடகை அறையில் இருக்கிறாள், அங்கே போய் ஒண்ட முடியாது. ஆனால் இவர்களுக்கு ஒரு வழி இருந்தது. சிங்காரத்தின் அப்பா இராமையா ரிங்லெட்டில் அணைக்கு மேலே ஒரு துண்டு நிலமும் அதில் ஒரு பலகை வீடும் வைத்துவிட்டுப் போயிருந்தார். கூரையை மாற்றி, தண்ணீரும் கரண்ட்டும் இழுத்துவிட்டால் குடிபோகலாம். ஆனால் எதற்கு எழுதிப் போட்டாலும் நிலம் யார் பேரில் என்றுதான் முதலில் கேட்டார்கள். நிலம் இன்னும் செத்துப்போன இராமையா பேரிலேயே இருந்தது.

"பேர் மாத்திறதுக்குக் கோர்ட் பேப்பர் வேணும் மாப்ள. ஒங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டேன்.

பதில் சொன்னது என் தங்கை யோகேஸ்வரி. "இருக்குண்ணே. துளசி வயித்துல இருக்கறப்பவே வந்துருச்சு. சாமி மேடையில இருக்கு, பாருங்க."

பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்ததுதான், கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. முருகன் படத்துக்கும் மாரியம்மன் படத்துக்கும் நடுவே ஒரு ஃபிரேம். அதில் கோர்ட் முத்திரை போட்ட ஒரு காகிதம். நான்கு மூலையிலும் வழக்கம்போல வட்டவட்டமாகச் சந்தனம். காகிதத்தின் நடுவே, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில், இராமையாவின் போட்டோ ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து லேமினேட் வேறு செய்து வைத்திருந்தார்கள். மேலே இராமையாவின் பெயரும், கீழே ஒரு கையெழுத்தும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. வழக்கு நம்பர் வலது மூலையில், சந்தனத்துக்கு அடியில்.

"கோர்ட் பேப்பர் மேல யாராவது போட்டோ ஒட்டுவாங்களா மாப்ள?"

"அப்பா குடுத்த நெலம். அப்பா படம் இருக்கட்டுமேன்னு ஒட்டினேன்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் என் தங்கை அந்தக் காகிதத்துக்குச் சூடம் காட்டுகிறாள். இருபத்தேழு வருஷம். அதை ஒரே ஒரு நாள் நில ஆபீஸுக்குக் கொண்டு போயிருந்தால் என்றைக்கோ பேர் மாறியிருக்கும். நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையாலாகாத மனிதர் என்று அவர் காதுபடவே சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லோரிக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

ஃபிரேமை எடுத்துப் போகலாம் என்றால் அதற்கும் விடவில்லை. மேடையில் வைத்ததை இறக்கக் கூடாதாம். கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு நில ஆபீஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், பிறகு இந்த முதியவர் யார் என்று மரியாதையாகக் கேட்டாள். செத்துப்போனவர் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, கோர்ட்டுக்குப் போய் முத்திரை வைத்த நகல் வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். அவள் மேல் தப்பே இல்லை.

கோர்ட் மலைக்குக் கீழே, காரில் நான்கு மணி நேரம். பதிவுக் கவுண்டரில் சசிரேகா என்று நம் பெண் ஒருத்தி இருந்தாள். நிதானமான பெண். வழக்கு நம்பர் என்ன என்றாள். சந்தனத்துக்கு அடியில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? நம்பர் இல்லை என்றேன்.

"பரவாயில்ல சார். செத்தவர் பேரு, மனு போட்ட வருஷம், ரெண்டும் இருந்தா தேடலாம். எந்த வருஷம்?"

சிங்காரத்துக்குப் போன் போட்டேன். "நம்ம கோயில் கோபுரத்துக்கு நீலப் பெயிண்ட் அடிச்சாங்கல்ல, அந்த வருஷம்" என்றார்.

"மாப்ள, கோர்ட்ல கேக்கறாங்க."

"அப்ப என் லோரிக்கு கியர் பாக்ஸ் போன வருஷம்னு சொல்லேன்."

சசிரேகாவுக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். குனிந்து எதையோ எழுதுவது போல இருந்தாள். இராமையா செத்தது தொண்ணூற்றாறில், துளசி பிறந்தது தொண்ணூற்றெட்டில். நடுவில் வைத்துத் தேடச் சொன்னேன். தேடலாம், ஆனால் நீங்கள் வாரிசு இல்லையே சார், மனுதாரர் கையெழுத்துப் போட்ட கடிதமும் அவர் ஐசி நகலும் இறப்புப் பத்திரமும் வேண்டும் என்றாள். நான்கு மணி நேரம் மலையேறித் திரும்பினேன்.

கடிதத்தை அன்றைக்கே அடித்துக்கொண்டு போனேன். அதில் ஒரு கையெழுத்து வாங்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. முதல் வாரம் அஷ்டமி. இரண்டாம் வாரம் லோரிக்கு டயர். மூன்றாம் வாரம் கண்ணாடி காணோம். கண்ணாடி அவர் நெற்றிமேலேயே இருந்தது. நான்காம் வாரம், "விடு மச்சான், அந்தப் பழைய கோர்ட் ஃபைல எல்லாம் எதுக்குக் கிண்டிக்கிட்டு? புதுசா எழுதிப் போட்ருவோம்லா" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "புதுசா போட்டா இன்னும் ஒரு வருஷம் இழுக்கும். டிசம்பருக்கு அப்புறம் எங்க படுப்பீங்க, லோரியிலயா? என் தங்கச்சியையும் லோரியில படுக்க வைப்பீங்களா?"

யோகேஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முப்பது வருஷம் மலைமேல் கொழுந்து கிள்ளியவள், முழங்கால் இரண்டும் தேய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டுச் சிங்காரம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது, "ஃபைல் வந்தா நீ மட்டும் படி மச்சான். எல்லார் முன்னாலயும் பிரிக்காத" என்றார். அதையும் அவருடைய கிறுக்கில் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்த இரண்டாவது வாரம் சசிரேகா போன் பண்ணினாள். "சார், மூணு வருஷத்துப் புத்தகமும் பாத்துட்டேன். சொத்து மேல அதிகாரம் குடுத்த பதிவுல இராமையாங்கிற பேரே இல்ல."

"எப்படிம்மா இல்லாம போகும்? பேப்பர் வீட்டுல மாட்டியிருக்கு. நான் கண்ணால பாத்தேன்."

"அதுல என்ன எழுதியிருக்கு சார்?"

மற்றவர்கள் காகிதத்தில் கால்புள்ளி விட்டுப்போனால்கூடக் கண்டுபிடிக்கிறவன் நான். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"சரி சார். மனு பதிவான புத்தகம்னு தனியா ஒண்ணு இருக்கு. மனு போட்டு முடிக்காம விட்டதெல்லாம் அதுல இருக்கும். அதையும் பாக்கறேன்," என்றாள்.

அதில் இருந்தது. கோப்பைத் தேடி எடுக்கத்தான் மாதக்கணக்கில் ஆயிற்று. நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். பழைய கோப்புகள் வைக்கும் கிடங்கிலிருந்து வரவழைத்து, நூல் கட்டிய ஒரு பழுப்புக் கோப்பை சசிரேகா என் முன்னால் வைத்தாள். உட்கார்ந்து பாருங்கள், வேண்டிய பக்கத்தைச் சொன்னால் நகல் எடுத்து முத்திரை வைக்கிறேன் என்றாள்.

மேலே இராமையாவின் உயில் இருந்தது. பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள், தமிழில். வீடும் நிலமும் என் மகன் சிங்காரத்துக்கு என்று நான்கே வரி, கீழே கைநாட்டு, இரண்டு சாட்சி. அந்த உயிலை யார் நிறைவேற்ற வேண்டும் என்று அவர் எழுதவில்லை. அதனால் அந்த அதிகாரத்தைச் சிங்காரத்துக்குக் கொடுக்க, கோர்ட் இரண்டு ஜாமீன்தாரரைக் கேட்டிருந்தது. அடுத்த தாள் ஜாமீன் பத்திரம். முதல் ஜாமீன்தாரர் சுப்பிரமணியம், தோட்டத்துப் பழைய கங்காணி, கையெழுத்து இருந்தது. இரண்டாவது ஜாமீன்தாரரின் பெயரும் ஐசி நம்பரும் டைப் அடித்திருந்தது, கையெழுத்துப் போடும் கோடு காலியாக இருந்தது.

குகனேஸ்வரன். ஐசி நம்பர் என்னுடையது.

அதற்கு அடியில் ஒரு கடிதத்தின் அலுவலகப் பிரதி. மேலே முத்திரை, இராமையாவின் பெயர், கீழே கையெழுத்து. சாமி மேடையில் இருக்கிற அதே காகிதம், போட்டோ இல்லாமல். இரண்டாம் ஜாமீன்தாரர் குகனேஸ்வரன் குறித்த தேதியில் வரவில்லை, ஆகவே அதிகாரப் பத்திரம் வழங்க முடியவில்லை, அவரை அழைத்து வரவும் என்று எழுதியிருந்தது. இராமையாவின் போட்டோ ஒட்டியிருந்த இடத்தில்தான் என் பெயர் இருந்தது.

அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிங்காரம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, ஒரு கையெழுத்துப் போடணும் மச்சான், வர்றியா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். அரசாங்க வேலையில் இருக்கிறவன் ஜாமீன் போட்டால் நாளைக்கு ஏதாவது ஆனால் வேலையே போய்விடும் என்று ஆபீஸில் யாரோ கிளப்பிவிட்டார்கள். பயந்துவிட்டேன். லீவு கிடைக்கவில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினேன். பிறகு அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. காகிதம் வந்துவிட்டது என்று யோகேஸ்வரி சொன்னபோது, நாம் போகாமலே முடிந்துவிட்டது என்று நிம்மதியாக மறந்தே போனேன்.

"நகல் எடுக்கட்டுமா சார்?" என்று சசிரேகா கேட்டாள். எடும்மா என்றேன். எனக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பெண் பெயரைப் படித்திருப்பாள், என் ஐசியையும் பார்த்திருக்கிறாள். நகலை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தாள்.

நேராக லோரிக் கொட்டகைக்குப் போனேன். சிங்காரம் பின் டயரில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த உறையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? அன்னிக்குச் சாயங்காலம் கோர்ட் சாத்துற வரைக்கும் வாசல்லயே நின்னேன். சுப்பிரமணியம் கங்காணி போட்டுட்டு எனக்காக ஒக்காந்திருந்தாரு. நீ வரல."

"மறுபடி கேட்டிருக்கலாமே. இல்ல, வேற ஆள வெச்சு முடிச்சிருக்கலாமே."

"வேற ஆளப் போட்டா, ஏன் எங்கண்ணன் போடலன்னு அவ கேப்பா. வயித்துல ஏழு மாசம் அப்ப. அவளுக்கு ஒலகத்துல நீ ஒருத்தன்தான். அப்புறம் கோர்ட்டுலேருந்து வந்த கடுதாசிய மடிச்சு வெச்சிருந்தேன், அத அவ பாத்துட்டா. என்ன பேப்பர்னு கேட்டா. நெலம் பேப்பர்தான், வந்துருச்சுன்னு சொல்லிட்டேன். அவளுக்கு மலாய் படிக்கத் தெரியும்லா. அதான் அப்பா படத்த ஒட்டினேன்." டயரை ஒரு தட்டு தட்டினார். "அப்புறம் லயத்து வீடு இருக்கே, என்ன அவசரம்னு விட்டுட்டேன். அது என் தப்புதான். நீ அவகிட்ட ஒண்ணும் சொல்லிக்காத."

பத்து மாதமாக நான் திட்டாத திட்டில்லை. கையாலாகாதவர் என்றேன், கிறுக்கு என்றேன், தங்கச்சியை லோரியில் படுக்க வைப்பீர்களா என்றேன். அத்தனையையும் கேட்டுக்கொண்டு, ஒரு தடவைகூட இந்த மனிதர் என் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் என்று உங்களுக்கே தெரியும்.

அவர் சொல்லக் கூடாது என்றார், நான் சொன்னேன். லயத்து வீட்டுக்குப் போய், யோகேஸ்வரியை உட்கார வைத்து, நகலை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். என் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சாமி மேடைக்குப் போய், அந்த ஃபிரேமை அவளே இறக்கி அலமாரிமேல் கவிழ்த்து வைத்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"மறுபடி எந்தத் தேதின்னு கேட்டுச் சொல்லுங்க. இந்தத் தடவ நானும் கூட வர்றேன்," என்றாள்.

தேதி டிசம்பருக்குள் கிடைக்கவில்லை. பழைய மனுவைத் தூசி தட்டி எழுப்ப அங்கேயும் நடைமுறை இருக்கிறது. முப்பத்தோராம் தேதி சிங்காரம் லோரிச் சாவியையும் வீட்டுச் சாவியையும் ஒன்றாக ஆபீஸில் வைத்தார். இரண்டு பேரும் என் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார்கள். சொந்த வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் பெட்டி படுக்கையோடு என் வீட்டு வாசலில் நின்றதற்குக் காரணம் நான்தான். என் தங்கை மட்டும் விருந்தாளி மாதிரி கேட்டுக் கேட்டுத் தண்ணீர் குடித்தாள்.

பிப்ரவரியில் தேதி வந்தது. சுப்பிரமணியம் கங்காணி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. அவர் இடத்துக்கு எங்கள் பள்ளி ஆசிரியர் மகேன் வந்தார். சிங்காரத்துக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றதும், எப்போ சார் கிளம்பணும் என்று மட்டும்தான் கேட்டார். வயது முப்பத்தொன்று. அந்த வயதில் நான் இருந்ததை நினைத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் அதிகாரி முன்னால் ஜாமீன் பத்திரத்தை வைத்து, இங்கே சார் என்று சசிரேகா விரலால் காட்டினாள். யோகேஸ்வரி என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். சிங்காரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெளியே நிற்கும் லோரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகேன் போட்ட பிறகு பேனா என் கைக்கு வந்தது. போட்டேன். தேதியும் எழுதினேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

என் தங்கை அந்தக் கையெழுத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானாண்ணே?" என்றாள்.